எட்டு மூலைப் பெட்டி

கஸ்தூரிக்குத் தேவைப்பட்டது ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே வைக்கிற தட்டை உடையாமல் ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேட்டு அவள் அரைப் பக்கத்தில் எழுதிக்கொடுத்த விண்ணப்பம் இப்போது நூற்று எண்பத்தாறு பக்கத்துக்கு வளர்ந்து, இரண்டு பாகமாகத் தைக்கப்பட்டிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் கஸ்தூரியும் அவள் மாமியார் காசியம்மாளும் பலகாரம் சுடுகிறார்கள். கடை கிடையாது. சந்தாதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீடு தேடி ஒரு பெட்டி வரும்; அதில் தட்டை, அதிரசம், எள்ளுருண்டை, மல்லாட்டை உருண்டை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொன்னால் ஊருக்குப் புதுசா என்று கேட்பார்கள். 'பௌர்ணமிப் பெட்டி' என்று பெயர் வைத்தது கஸ்தூரி. பி.காம். படித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் அதை உதறிவிட்டு இதில் இறங்கினாள். முதல் வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்கள். இரண்டாம் வருஷம் அறுபத்தேழு.

ருசியில் ஒரு குறையும் இல்லை. காசியம்மாள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல இன்னொருத்தி பிறந்து வர வேண்டும். ஆனால் தட்டை கீழ்பென்னாத்தூரில் தட்டையாக ஏறி, போகிற ஊரில் தூளாக இறங்கியது. தாம்பரத்திலிருந்து ஒரு அம்மாள், "உங்கள் ரவை கிடைத்தது, உப்புமா கிண்டினோம், காரம் கொஞ்சம் தூக்கல்" என்று நல்ல மனசோடு எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு கஸ்தூரி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு அழைப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பு, நானூறு வீடு. சங்கச் செயலாளர் பெயர் வல்லரசு; செய்யாறு பக்கத்துக்காரர், ரிட்டையர்டு இன்ஜினீயர். கார்த்திகை தீபத்திலிருந்து வீட்டுக்கு ஒரு பெட்டி, வருஷம் பூரா எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

"ரெண்டே கண்டிசன்மா," என்றார். "ஐப்பசி முடியறதுக்குள்ள ஒரு மாதிரிப் பொட்டி எங்க ஆபீசுக்கு வரணும், தட்டை உடையாம. ரெண்டாவது, பொட்டிக்குச் சான்றிதழ் இருக்கணும். போன வருஷம் எவனோ அனுப்புன ஊறுகா லிஃப்ட்டு முழுக்க ஊத்திப்போச்சு. அதுலேர்ந்து விதி போட்டுட்டோம்."

நானூறு வீடு வந்தால் பிழைத்தாள். வராவிட்டால் மறுபடி பில் கவுண்டர். ஜவுளிக்கடை முதலாளி ஏற்கெனவே இரண்டு தரம் பஸ்ஸில் பார்த்து, "எப்பம்மா வர்றே? உன் ஸ்டூலு அப்பிடியே இருக்கு" என்று சிரித்திருந்தார்.

பெட்டிக்குச் சான்றிதழ் கொடுக்கிற இடம் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ஒரு காபிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. 'மாவட்டப் பொதிக்கலை மேம்பாட்டு மையம்' என்று பலகை. வடிவமைப்பும் அவர்களே செய்து கொடுப்பார்கள், இலவசம். கஸ்தூரி உள்ளே போனபோது முதலில் கண்ணில் பட்டது சுவரோரம் அடுக்கியிருந்த கோப்புகள். எல்லாம் ஆப்பிள் வந்த அட்டைப் பெட்டிகளில் சணல் போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஏழு வருஷமாக ஒரு பெட்டிக்கும் ஒரு சேதமும் இல்லை. அதிலேயே இரண்டு பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

இயக்குநர் விமல்ராஜ் எழுந்து நின்று வரவேற்றார். ஐம்பது வயசு, இஸ்திரி கலையாத சட்டை, எதைச் சொன்னாலும் மேடையில் சொல்வதுபோல் சொல்கிற வழக்கம்.

"நீங்க பெட்டி கேட்டு வந்திருக்கீங்க. எல்லாரும் அப்படித்தாம்மா வர்றாங்க. பெட்டிங்கறது பெட்டி இல்ல. அது ஒரு வாக்குறுதி. இந்த மையம் ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆவுது. நம்ம பெட்டி உடைஞ்சிதுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் வந்திருக்கா? நீங்களே வெளியில விசாரிச்சுப் பாருங்க."

"எத்தினி பெட்டி சார் செஞ்சு குடுத்திருக்கீங்க?"

"அது வேற பதிவேடு," என்றார் விமல்ராஜ்.

படியிறங்கும்போது, பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிற ஊழியர் இருசப்பன் அவள் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒண்ணும் செய்யலம்மா. மத்தவங்கல்லாம் ரெண்டாவது கூட்டத்தோட ஓடிட்டாங்க. உங்களப் பாத்தா ஓடற ஆளாத் தெரியல. அதான் சாருக்குக் கொஞ்சம் கலக்கமா கீது."

முதல் கட்டம் சிந்தனைப் பட்டறை. ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் கூடம், பாய், இஞ்சி டீ, மூன்று நாள். பயன் பெறுவோர் ஒருவர், பயன் பெறச் செய்வோர் பதினொருவர். நடத்தியவள் சினேகா. இருபத்தாறு வயசு, வடக்கே எங்கேயோ வடிவமைப்பு படித்துவிட்டு வந்த சென்னைப் பெண், அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நிஜமாகவே நல்ல பெண். அதைச் சொல்லியாக வேண்டும். அவள் போட்ட முதல் விதி, யாரும் 'பெட்டி' என்று சொல்லக்கூடாது.

"பெட்டின்னு சொன்ன உடனே மூளை நாலு சுவருக்குள்ள நின்னுடும் அக்கா. 'அனுபவக் கலன்'னு சொல்லுவோம். மறந்து சொல்லிட்டா எழுந்து நின்னு மூணு தரம் கை தட்டணும்."

இருசப்பன் பாவம், டீ டம்ளர் வந்த பெட்டி எங்கே, பிஸ்கட் பெட்டி எங்கே என்று கேட்டுக் கேட்டே மூன்று நாளும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஒரு கத்தை கலர் சீட்டு. மனசில் தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். கஸ்தூரி, 'தட்டை உடையக் கூடாது' என்று எழுதி ஒட்டினாள். எழுதுவதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை. சினேகா அதன் முன்னால் வெகு நேரம் நின்றாள்.

"தட்டை உடையும்போது, தட்டை என்ன அக்கா ஃபீல் பண்ணுது?"

கஸ்தூரி யோசித்துப் பார்த்தாள். "தட்டையப் பத்தித் தெரியலங்க. எனக்கு அழுகை வரும்."

"சூப்பர்!" என்று சினேகா மஞ்சள் சீட்டில் 'அழுகை' என்று எழுதி நடுச் சுவரில் ஒட்டினாள். பதினொரு பேரும் கை தட்டினார்கள்.

இரண்டாம் நாள் கஸ்தூரி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள். "எங்க ஊர்ல மல்லாட்டை உடைக்கிற மெஷின்காரங்க தோல மூட்டை மூட்டையா கொட்டி வச்சிருக்காங்க. தட்டையச் சுத்தி அதப் போட்டு அடைச்சா அசையாம இருக்குமேங்க?"

விமல்ராஜ் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"நல்ல யோசனைதாம்மா. ஆனா தோலு விவசாயம். அதுல நாம கருத்து சொன்னா எல்லை மீறலாயிடும். ஒரு சின்ன விசயத்துக்காக ரெண்டு துறை உறவு கெடணுமா?"

மூன்றாம் நாள் சாயந்திரம் ஒரு காற்று அடித்தது. சுவரில் இருந்த முந்நூறு சொச்சம் சீட்டும் தரையில். எல்லாரும் போன பிறகு கூடத்தைப் பெருக்க வந்த இருசப்பன் அதைப் பார்த்துப் பதறிப்போய், ஒன்று விடாமல் பொறுக்கிக் கைக்கு வந்தபடி மறுபடி சுவரில் ஒட்டினார். கை கழுவுகிற குழாயில் விடுதிக்காரர் ஒட்டியிருந்த சீட்டும் விழுந்து கிடந்தது. அதையும் சேர்த்தே ஒட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் சினேகா சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இத யாரு அடுக்குனது?"

"நான்தாங்க," என்றார் இருசப்பன். "தப்பாயிருந்தா மன்னிச்சிடுங்கம்மா."

"தப்பா? மூணு நாளா இதுக்குத்தான் காத்துட்டிருந்தோம்!"

ஒரே வரிசையில் இப்படி இருந்தது: 'மலை', 'எட்டு', 'மூடி', 'வலமாகத் திருகவும்', 'டீ லேட்'. எட்டு லிங்கங்கள் சுற்றி நிற்கிற மலை. அதனால் எட்டு மூலை உள்ள கலன். மேலே மலைபோலக் கூம்பு மூடி. மூடியைப் பிடித்து வலப்பக்கமாகத் திருகினால், உள்ளே ஒரு உருளை சுழன்று சுழன்று கலன் தானாகத் திறக்கும். வாங்குகிறவர் வீட்டிலிருந்தபடியே வலம் வந்த அனுபவம் பெறுவார். 'டீ லேட்' என்பதை மட்டும் அடுத்த கட்டத்துக்கு ஒதுக்கி வைத்தார்கள்.

வரைபடத்தை கஸ்தூரி வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். காசியம்மாள் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, மாவு மெஷினு மாதிரி கீது? உள்ள இருக்கறது சுத்துனா தட்டை பொடிஞ்சு பூடுமே."

இதையே கஸ்தூரி மறுநாள் மையத்தில் கேட்டாள். விமல்ராஜுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபமே வராது. அதுதான் அவரிடம் பெரிய தொல்லை.

"நியாயமான கேள்விம்மா. ஆனா அது பயன்பாட்டு நிலை. நாம இப்ப வடிவ நிலையில இருக்கோம். நிலை மாத்திப் பேசுனா குழப்பம் வரும்."

வடிவத்தை ஏற்க ஒரு குழு. எட்டு மூலை என்பதால் எட்டு உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு மூலை. முதல் கூட்டத்தில் எந்த மூலை முதல் மூலை என்ற கேள்வி எழுந்தது. எட்டும் ஒரே அளவு என்று சினேகா சொன்னது எடுபடவில்லை; பணியில் மூத்தவருக்கு எட்டாவது மூலையைக் கொடுக்க முடியாது அல்லவா? புரட்டாசி முழுக்க இது ஓடியது. நான்கு கூட்டம், நான்கு தரம் போண்டா. கஸ்தூரி ஒவ்வொரு தரமும் காலைப் பஸ்ஸில் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலைப் பஸ்ஸில் போனாள். சந்தா அறுபத்தேழிலிருந்து ஐம்பத்தொன்றாகியிருந்தது. நான்காவது கூட்டத்தன்று திரும்புகிற வழியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து சீட்டு அம்மாள் சாவு வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்து ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். கடைசியில் மேசையை வட்டமாக்கிப் பிரச்சினையைத் தீர்த்தார்கள்.

ஐப்பசி பிறந்தது. மாதிரியும் செய்தாயிற்று, இனி மிச்சம் ஒரே ஒரு கட்டம், விதி ஒன்பது: மாதிரியைக் குறைந்தது பத்து கிலோமீட்டர் உண்மையான போக்குவரத்துச் சூழலில் அனுப்பிச் சோதிக்க வேண்டும்.

"நம்மகிட்ட வண்டி கிடையாது," என்று விளக்கினார் விமல்ராஜ். "லாரியில அனுப்பலாம்னா, அந்தப் பக்கம் வாங்கிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும். அந்தப் பணியிடம் ஆறு வருஷமா காலி. ஆனா பாருங்கம்மா, கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். கிளம்புன இடத்துக்கே வந்து சேருது. அனுப்புறவனும் நானே, வாங்குறவனும் நானே. இந்த வசதி வேற எந்த மாவட்டத்துக்கு இருக்கு?"

"நீங்க குறிச்ச நாளு பௌர்ணமியா வருதே சார், கூட்டம் ஜாஸ்தியா இருக்குமே?"

"அதான் வேணும். நெரிசல் சோதனையும் அதுலயே முடிஞ்சிடும்."

பௌர்ணமி திதி அன்று காலை ஒன்பதரைக்கே பிறந்துவிட்டதால், அலுவலக நேரத்துக்குள் வேலையை முடிக்கலாம் என்று பத்து மணிக்குக் கிளம்பினார்கள். விடியலில் சுட்ட தட்டையில் பன்னிரண்டை எண்ணி எட்டு மூலைப் பெட்டிக்குள் வைத்து, கூம்பு மூடியைப் பொருத்தி, அரக்கு முத்திரை போட்டாயிற்று. மீதி நூறு தட்டையை காசியம்மாள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு, சுற்றிலும் நடுநடுவிலும் மல்லாட்டைத் தோலை அள்ளி அடைத்து, துணிப் பையில் வைத்துத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். அவள் தங்கை ராஜம்மாள் அடி அண்ணாமலையில் இருக்கிறாள்; போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

பெட்டியை ஒரு தட்டில் வைத்து விமல்ராஜே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். மாதிரி மேல் நேர் வெயில் படக்கூடாது என்று விதி இருந்ததால், இருசப்பன் ஒரு இளநீர்க் கடையில் கேட்டு வாங்கிய பெரிய கலர்க் குடையை அதற்குமேல் பிடித்தார். இயக்குநர் தலை வெயிலில்தான் இருந்தது. தலையைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. ஷூ போட்டுக்கொண்டு கிரிவலமா என்று ஜனங்கள் முறைத்ததால் அவர் ஷூவைக் கழற்ற, அதுவும் இருசப்பனின் இன்னொரு கைக்குப் போனது. உச்சி வெயிலுக்குத் தார் ரோடு காய்ந்து கிடந்தது. எட்டு லிங்கத்துக்கும் பக்கத்தில் எட்டு உறுப்பினர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்து, பெட்டி வந்ததும் அவரவர் மூலையைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

குடைக்குக் கீழே கூம்பு வைத்த ஒன்று வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? எமலிங்கம் தாண்டுவதற்குள் பத்துப் பேர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் குழந்தையை அதன் கீழே குனிய வைத்து மறுபக்கம் வாங்கிக்கொண்டாள். விமல்ராஜ் முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு சும்மா தலையசைத்து ஆசீர்வதிக்கத் தொடங்கிவிட்டார்.

வருணலிங்கம் பக்கத்தில் கூட்டம் இடித்ததில் காசியம்மாள் கையிலிருந்த பை நழுவி, டின் ரோட்டில் டமார் என்று விழுந்து உருண்டது. "போச்சு, எல்லாம் போச்சு!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள். திறந்து பார்க்கவும் மனசு வராமல் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அடி அண்ணாமலைக்கு வரும்போது மணி ஒன்றரை. விமல்ராஜுக்குக் கால் கொப்புளம். ரோட்டோரம் கிடந்த ஒரு மேசைமேல் பெட்டியை வைத்துவிட்டு, பின்னால் கிடந்த பெஞ்சில் அவரும் கஸ்தூரியும் உட்கார்ந்தார்கள். தவறு அதுதான். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் மேசை போட்டு அதற்குப் பின்னால் ஒருவர் உட்காரலாமா? இரண்டு நிமிஷத்தில் எதிரே வரிசை நின்றுவிட்டது. என்ன கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கையை மட்டும் நீட்டினார்கள். வரிசை வளைந்து கோயில் பக்கம் திரும்பியது. ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து கயிறு கட்டினார்.

"சீக்கிரம் குடுங்க சார், கூட்டம் ஜாஸ்தியாவுது!"

விமல்ராஜ் எழுந்து நின்றார். கூட்டத்தைக் கண்டதும் கொப்புளம் மறந்துவிட்டது.

"பொதுமக்களுக்கு வணக்கம். தயவுசெய்து தவறாக எண்ணவேண்டாம். இது அன்னதானம் அல்ல. இந்தக் கலனில் இருப்பது பயனாளர் அனுபவம்!"

முன்னால் நின்ற பெரியவர் பின்னால் திரும்பிச் சொன்னார்: "அனுபவமாம். போன மாசம் வேலூர்க்காரங்க குடுத்தாங்க, நெய் ஊத்தி, நல்லா இருந்துச்சு." வரிசை இன்னும் நெருங்கி நின்றது.

"வாடிக்கையாளர் இந்தக் கலனைத் திறக்கும்போது எதை அடைகிறார்? பொருளையா? இல்லை. பொருள் இரண்டாம்பட்சம். பொருளே இல்லாவிட்டாலும் கலன் நிற்க வேண்டும். அதுதான் எங்கள் மையத்தின் ஏழாண்டு லட்சியம்!"

பிரசங்கம் போலிருக்கிறது என்று பாதிப் பேர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பேர், "பேசினது போதும், பொட்டியத் தொறங்க சார்!" என்று சத்தம் போட்டார்கள். ஒரு பஸ் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. போலீஸ்காரருக்குப் பொறுமை போய், முத்திரையையும் பார்க்காமல் பெட்டியைப் பிடித்துத் திருகினார். இடப்பக்கமாகத் திருகிவிட்டார் போலிருக்கிறது, அது இறுகிக்கொண்டது.

"எப்படிய்யா தொறக்கறது இத?"

"திறக்கும் முறை தெளிவா அச்சடிச்சிருக்கு சார்," என்றார் விமல்ராஜ். "உள்ள இருக்கு."

தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. மேசை ஆடியது. கஸ்தூரி பெட்டியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "அத்தை, அந்த டின்ன எடுங்க," என்றாள்.

"அதுல இன்னா கீதோ, எல்லாம் தூளாத்தான் இருக்கும்டி."

"தூளே இருக்கட்டும். எடுங்க."

மூடியைத் திறந்து மல்லாட்டைத் தோலை விலக்கினாள். தட்டை இருந்தது. முழுசாக. அடியில் கையை விட்டுத் துழாவினாள்; அதுவும் முழுசு. ஏழு கிலோமீட்டர் நடந்து, ரோட்டில் விழுந்து உருண்டு, நூறில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிய கைகளில் வைத்தாள். பெரியவர் கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது. வரிசை நெடுகிலும் கடக், கடக் என்று அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. போலீஸ்காரர் ஒன்று தின்றார். விமல்ராஜ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று தின்றார். டின் காலியானதும் எல்லாரும் தோலைத் தட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு அந்தப் பக்குவம் உண்டு. இங்கே இல்லையென்றால் அடுத்த பந்தல். ராஜம்மாளுக்குக் காலி டின்தான் போயிற்று.

ஐந்தரை மணிக்கு மையத்தில், அனுப்பியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்காலியை மாற்றி உட்கார்ந்து, பெற்றவர் என்ற இடத்திலும் விமல்ராஜ் கையெழுத்துப் போட்டார். பெட்டியைத் திறக்கும் கௌரவம் சினேகாவுக்கு. அவள் இறுகியிருந்ததைத் தளர்த்தி வலப்பக்கமாகத் திருகினாள். உள்ளே நறநற என்றது. இன்னும் திருகினாள், நறநற. கூம்பு கழன்றது. தட்டில் மஞ்சளாக ஒரு குவியல் கொட்டியது. நடுவில் கறிவேப்பிலைத் துணுக்கு.

சினேகா முகம் வாடிவிட்டது. "அக்கா, சாரி அக்கா," என்றாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

விமல்ராஜ் படிவத்தை எடுத்தார். "கலன் போய்ச் சேர்ந்ததா? ஆம். மூலைகள் எட்டும் உள்ளனவா? ஆம். திறந்ததா? ஆம். வாழ்த்துகள்மா! ஏழு வருஷத்துல மொதல் வெற்றி."

"உள்ள இருந்த தட்டைக்குக் கட்டம் இல்லையா சார்?"

"உள்ள இருக்கறது உணவும்மா. நாம பொதி. அதுக்குள்ள எப்படி நுழைய முடியும்?"

சான்றிதழ் வந்துவிட்டது. தங்க விளிம்பு, எட்டுக் கையெழுத்து, கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'இச்சான்றிதழைச் சான்றளிக்கப்பட்ட கலனில் வைத்து மட்டுமே அனுப்ப வேண்டும்.' கஸ்தூரி அதை மூன்று தரம் படித்தாள். ஐப்பசி முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டாள். மளிகைக் கடையில் ஒரு பழைய சோப்பு அட்டைப் பெட்டி வாங்கினாள். தட்டையை அடுக்கி, மல்லாட்டைத் தோலை அடைத்துக் கட்டினாள். எட்டு மூலைப் பெட்டிக்குள் சான்றிதழை மட்டும் மடித்து வைத்தாள். இரண்டு பார்சலையும் ஒன்றாகப் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஜவுளிக்கடை ஸ்டூல் அவள் கனவில் வந்தது.

நான்காம் நாள் வல்லரசு கூப்பிட்டார்.

"தட்டை வந்துச்சும்மா. எல்லாம் முழுசு. என் சம்சாரம் எண்ணிப் பாத்துட்டுத்தான் தின்னா. ஆனா அந்தச் சான்றிதழு... இன்ஜினீயர் கணக்கா நிதானமாத்தான் திருகுனேன். நறநறன்னுச்சு. பொடிப் பொடியா வந்து கொட்டுது. ஒரு கையெழுத்துக்கூட சேரமாட்டேங்குதே."

"அப்ப விதிப்படி, சார்...?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. வல்லரசு விதியைத் தேடிப் படித்தார். "'சான்றிதழ் பெறப்பட்டிருக்க வேண்டும்.' பெறப்பட்டிருக்கு. முழுசா பெறணும்னு போடல. அள்ளி ஒரு கவர்ல போட்டு ஃபைல் பண்ணிட்டேன். நானூறு வீடும்மா, கார்த்திகையிலேர்ந்து. அந்த சோப்புப் பொட்டியிலயே அனுப்பிடுங்க, அதான் சரியா கீது."

கஸ்தூரி போனை வைத்துவிட்டு மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். காசியம்மாள், "வாணலியில எண்ணெ காயுது, எட்டப் போடி!" என்று கத்திக்கொண்டே அவளும் அழுதாள். அன்று சாயந்திரமே மெஷின்காரரிடம் இருபது மூட்டை தோல் சொல்லி வைத்தார்கள்.

கார்த்திகை மூன்றாம் தேதி விமல்ராஜ் போன் செய்தார். குரலில் மேடை இருந்தது.

"கேள்விப்பட்டேம்மா, நானூறு வீடு! நம்ம கலனோட சாதனை. மேலிடத்துல ரொம்ப சந்தோசம். வெள்ளிக்கிழமை பாராட்டு விழா வச்சிருக்கோம். எட்டு மூலைக் கலனால எப்படி முன்னேறினேன்னு நீங்க அஞ்சு நிமிசம் பேசணும். பெரியவங்க எல்லாம் வர்றாங்க. அப்புறம், அன்னைக்கு அடி அண்ணாமலையில குடுத்தீங்களே, அந்தத் தட்டை. ஒரு எண்பது கொண்டாந்துடுங்க."

"சரி சார். எட்டு மூலைக் கலன்ல வச்சே கொண்டாந்துடறேன்."

விமல்ராஜ் மேடையிலிருந்து இறங்கி, சாதாரண மனுஷன் குரலில் பேசினார்.

"அதுல வேணாம்மா. உங்க அத்தை கொண்டாந்தாங்களே, மல்லாட்டைத் தோலு போட்ட டின்னு, அதுலயே போட்டுக் கொண்டாங்க."

"அந்த டின்னுக்குச் சான்றிதழ் இல்லியே சார்."

"பரவால்லம்மா. சாப்பிடறதுக்குத்தானே."